பெட்டி மாட்டும் முன் லிங்கேஜைக் கழற்றிப் பாருங்கள்

நெடும்பயணத்துக்கென்று என் மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டுப் பெட்டிகள், வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கிராஷ் கார்டு, கூடுதல் விளக்குகள், சூடேறும் கைப்பிடிகள் ஆகியவற்றைப் பொருத்தத் திட்டமிட்டிருந்தேன். வாங்கிய பொருள்களைப் பிரிப்பதற்கு முன், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். சக்கரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் எழுந்து, ‘டக்’ என்ற மெல்லிய ஒலியோடு நின்றது. அந்த ஒலிதான் ஒரு வாரயிறுதியில் முடிந்திருக்க வேண்டிய வேலையை மூன்று வாரங்களுக்கு நீட்டித்தது. அதற்காக இன்று நான் வருந்தவில்லை.

வண்டி 650 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் கொண்டது. முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், செயின் இயக்கம். பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 160 மில்லிமீட்டர். வேலையைத் தொடங்கியபோது 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எஞ்சின் ஆயில், ஃபில்டர், வால்வு இடைவெளி போன்றவற்றை உரிய காலத்தில் கவனித்து வந்திருக்கிறேன். ஆனால் பின்பக்க லிங்கேஜை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையான ஸ்விங்ஆர்மில் நேராக இணைவதில்லை. ராக்கர் எனப்படும் ஒரு சிறிய நெம்புகோலும் அதனுடன் இணைந்த தண்டுகளும் இடையில் இருக்கின்றன, இவை சேர்ந்ததே லிங்கேஜ். ஒவ்வொரு மூட்டிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங், அதற்குள் ஸ்லீவ் எனப்படும் ஒரு எஃகுக் குழல், இருபுறமும் தூசி புகாமல் தடுக்கும் ஆயில் சீல் என்று அமைப்பு இருக்கும். இந்த மூட்டுகள் எஞ்சினுக்குப் பின்னால், தரைக்கு மிக அருகில், சக்கரங்கள் வாரியிறைக்கும் சேறும் நீரும் நேராக வந்து விழும் இடத்தில் இருக்கின்றன. சக்கர பேரிங்கைப் போல முழுச் சுற்று சுற்றாமல் சில பாகை அளவே முன்னும் பின்னும் அசைவதால், ஊசிகள் எப்போதும் ஒரே இடத்தில்தான் தேய்கின்றன. அந்த இடத்திலிருந்து ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வருவதில்லை. போதாக்குறைக்கு, வண்டியைக் கழுவும்போது உயர் அழுத்த நீரை அங்கே பீய்ச்சினால், சீலைத் தாண்டிப் போகும் நீர் வெளியே வர வழியின்றி உள்ளேயே தங்கிவிடும்.

தளர்வு எந்த மூட்டில் இருக்கிறது என்பதைக் கழற்றும் முன்பே கண்டுபிடிக்கலாம். ஒருவர் சக்கரத்தைத் தூக்கி இறக்கும்போது மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்தால், தளர்ந்த மூட்டில் அந்தத் துள்ளல் விரல்நுனிக்குத் தெரியும். என் வண்டியில் ராக்கரும் இணைப்புத் தண்டுகளும் சேரும் இடத்தில் அது தெளிவாகத் தெரிந்தது.

கழற்றும்போது முதலில் என் பொறுமையைச் சோதித்தவை போல்ட்டுகள்தான். நட்டுகளை எடுத்த பிறகும் போல்ட்டு நகரவில்லையென்றால் சுத்தியலை எடுக்கத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அங்கே துரு காரணமாக இருப்பதில்லை, தொங்கும் சக்கரத்தின் எடைதான் போல்ட்டைக் கவ்விக்கொண்டிருக்கும். டயருக்கு அடியில் ஒரு மரப்பலகையை நெம்புகோல்போல் செருகி மிகக் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே, மறு கையால் போல்ட்டின் முனையை அழுத்திக்கொண்டிருந்தேன். எடை சரியாகத் தாங்கப்பட்ட அந்தக் கணத்தில் போல்ட்டு விரலின் அழுத்தத்துக்கே வழுக்கி வெளியே வந்தது. திரும்பப் பொருத்தும்போதும் இதே முறைதான். போல்ட்டு சுத்தியலைக் கேட்டால் துளைகள் நேராக இல்லை என்று பொருள்.

ராக்கரை மேசைமேல் வைத்து ஸ்லீவை வெளியே தள்ளியபோது, கிரீஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு மட்டும் இருந்தது. அதைத் துடைத்தபின் ஸ்லீவின் ஒரு பக்கத்தில் சீப்பின் பற்களைப் போல வரிவரியாகப் பள்ளங்கள் தெரிந்தன. நகத்தை மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. ஊசிகளில் மூன்று உருளை வடிவத்தை இழந்து ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. மற்ற மூட்டுகளில் இரண்டில் கிரீஸ் காய்ந்திருந்ததே தவிர ஊசிகளும் ஸ்லீவும் பழுதின்றி இருந்தன. அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புதிய கிரீஸ் நிரப்பினேன். இவ்வகைப் பேரிங்குகளில் ஊசிகளைப் பிடித்துக்கொள்ளும் கூண்டு இல்லாததும் உண்டு. கழுவும்போது ஊசிகள் ஒவ்வொன்றாக உதிரக்கூடும் என்பதால், கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு, எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வது நல்லது. திரும்ப அடுக்கும்போது ஊசிகளை நிறுத்திப் பிடிப்பது கிரீஸ்தான்.

பழுதான மூட்டிலும், ஐயத்துக்கிடமாகத் தோன்றிய ஷாக் கீழ்முனை மூட்டிலும் பேரிங், ஸ்லீவ், சீல் மூன்றையும் மாற்ற முடிவு செய்தேன். பழைய பேரிங்கை வெளியேற்றப் பிரஸ் எந்திரம் தேவையில்லை. பேரிங்கின் வெளிவிட்டத்தைவிட மிகச் சற்றே சிறிய சாக்கெட் ஒரு பக்கம், அந்தப் பேரிங் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட் மறு பக்கம் என வைத்து, மேசையில் பொருத்திய வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) மெல்ல இறுக்கினால் போதும். புதிய பேரிங்கை முந்தைய இரவே உறைபெட்டியில் வைத்திருந்தேன். ராக்கரைச் சூடான காற்றால் கைபொறுக்காத அளவுக்குச் சூடாக்கினேன். குளிரில் சுருங்கிய எஃகு, சூட்டில் விரிந்த அலுமினியத்துக்குள் அதிக எதிர்ப்பின்றி இறங்கியது.

இங்கே ஒரு தவறு நேர்ந்தது. பேரிங் துளையின் விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பழையதை எடுக்கும் முன் அளந்துகொள்ள வேண்டும். அந்த ஆழத்தில்தான் சீல் உட்காரும். முதல் துளையை அளந்து 6.2 மில்லிமீட்டர் என்று குறித்த நான், இரண்டாவதும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அளக்காமல் விட்டேன். இரண்டாவது பேரிங்கை அதே ஆழத்துக்குத் தள்ளியபின் மறு பக்கத்தில் சீலைப் பொருத்தினால், அது முழுவதும் உட்காராமல் விளிம்பைத் தாண்டி நின்றது. அந்தத் துளையில் இருபுறமும் 5 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் 6.2 ஆனதால் மறு பக்கம் 3.8 ஆகிவிட்டது. சீலை எடுத்துவிட்டு, மறு பக்கத்திலிருந்து வைஸின் கைப்பிடியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புவதும் வெர்னியர் அளவுகோலால் அளப்பதுமாக அரைமணி நேரம் செலவழித்த பிறகு அது நடுவுக்கு வந்தது. இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக இரண்டு எண்கள் இருக்கின்றன.

ஷாக் அப்சார்பர் கீழே இறங்கியிருந்த அந்த நாள்களில், வேறு சமயத்தில் பார்க்க வாய்ப்பில்லாத ஒன்றைப் பார்த்தேன். ஷாக் இல்லாதபோது ஸ்விங்ஆர்மைக் கையால் மேலும் கீழும் முழு வீச்சுக்கு அசைக்கலாம். கியர்பாக்ஸில் செயினை இழுக்கும் சிறிய பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங்ஆர்மின் அச்சு, பின்சக்கர ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும் என்று படித்திருந்தேன். அதைக் கண்ணால் பார்த்தபோதுதான் அதன் அளவு விளங்கியது. கையேடு சொல்லும் தளர்வு, அதாவது செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் அசையும் தூரம், 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை. நான் வழக்கமாக 30-லேயே வைத்திருந்தேன், செயின் தொங்காமல் இருப்பது நல்லது என்ற எண்ணத்தில். அந்த 30, மூன்று மையங்களும் நேர்கோட்டுக்கு வந்தபோது வெறும் 5 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 38-ல் வைத்துப் பார்த்தபோது நேர்கோட்டு நிலையில் 12 மில்லிமீட்டர் மிஞ்சியது. சுமையேற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிலையைக் கடக்கிறது. அப்போது செயினில் தளர்வு இல்லையென்றால் அந்த இழுவை முழுவதும் கியர்பாக்ஸின் வெளிப்பக்க பேரிங்கிலும் சக்கர பேரிங்கிலும் விழும். இனி 38-தான்.

செயினின் தேய்மானத்தையும் அப்போதே அளந்தேன். 520, 525, 530 ஆகிய மூன்று வகைச் செயின்களிலும் ஒரு கண்ணியின் நீளம் 15.875 மில்லிமீட்டர்தான். எனவே 21 முளைகளுக்கு இடையேயுள்ள 20 கண்ணிகளின் நீளம் புதிய செயினில் 317.5 மில்லிமீட்டர் இருக்கும். என் வண்டியின் கையேடு தரும் எல்லை 319.4. இழுத்துப் பிடித்து மூன்று இடங்களில் அளந்ததில் அதிகபட்சம் 318.3 வந்தது, இறுகிய கண்ணியும் எங்கும் இல்லை. இன்னும் ஒரு நீண்ட பயணத்தைத் தாங்கும் என்பதால் மாற்றாமல் விட்டேன்.

அடுத்தது, லிங்கேஜ் சரியானதும் சுமையின் கணக்கு. பெட்டிகள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், உள்ளே வைக்கவிருக்கும் பொருள்கள் அனைத்தையும் எடை போட்டதில் 38 கிலோகிராம் வந்தது. ஓட்டுநரின் எடையையும் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமை கையேட்டில் இருக்கும், அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து அதற்கு நேர் மேலே வாலில் ஒட்டிய நாடாவரை அளந்தேன், 598 மில்லிமீட்டர். பெட்டிகளை நிரப்பி, முழுப் பயண உடையில் நான் அமர்ந்தபோது அது 532 ஆகக் குறைந்தது. அதாவது 160-ல் 66 மில்லிமீட்டர், ஏறத்தாழ 41 விழுக்காடு, நான் நகரும் முன்பே செலவாகிவிட்டது. இதை மூன்றில் ஒரு பங்கு அளவில் வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது சுமை ஏறும் முன்பே அதை அழுத்தி வைத்திருக்கும் அளவை, முழுவதும் ஏற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நானும் ஏற்றிப் பார்த்தேன், 66 மில்லிமீட்டர் 54 ஆனது. பார்வைக்கு நல்ல எண்தான். ஆனால் பெட்டிகளை எடுத்துவிட்டு, யாரும் அமராமல், வண்டியின் சொந்த எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் வெறும் 4 மில்லிமீட்டர். வெறும் வண்டியில் சக்கரம் கீழே நீள்வதற்கு அந்த 4 மில்லிமீட்டருக்கு மேல் இடமில்லை. சுமையோடு அளந்த எண் சரியாக வந்து, வெறும் வண்டியின் எண் இப்படிச் சுருங்கினால், ஸ்பிரிங் இந்தச் சுமைக்கு மென்மையானது என்பதே பொருள். முன்னழுத்தம் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை, அது தொடங்கும் இடத்தை மட்டுமே மாற்றுகிறது.

ஆகவே கூடுதல் கடினத்தன்மை கொண்ட ஸ்பிரிங் ஒன்றை வாங்கினேன். அதை ஷாக்கில் மாற்றும் வேலையை மட்டும் வீட்டில் செய்யவில்லை. அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் கையையோ முகத்தையோ பதம்பார்த்துவிடும். அதற்குரிய கருவி உள்ள பட்டறையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். பொருத்தியபின் சுமையோடு 51 மில்லிமீட்டர், வெறும் வண்டிக்கு 11 மில்லிமீட்டர். வாலின் உயரம் மாறியதால் முகப்பு விளக்கின் ஒளிக்கற்றையும் சாய்வு மாறியிருந்தது. சுமையோடு வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி அதைத் திருத்தினேன்.

மின்வேலைக்குத் தொடங்கும் முன்பும் இதே போன்ற கணக்குத்தான். கூடுதல் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 40 வாட், கைப்பிடிகள் 36 வாட், செல்பேசி மின்னேற்றி 15 வாட். மொத்தம் 91 வாட், அதாவது ஏறக்குறைய 7 ஆம்பியர். வண்டியின் மின்னாக்கி எஞ்சின் வேகத்துக்கு ஏற்பவே மின்சாரம் தருகிறது. ஆகவே, நெரிசலில் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில்) நிற்கும்போது தாங்குமா என்பதே கேள்வி. எதையும் பொருத்தும் முன் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடாதபோது 12.7 வோல்ட், ஐட்லிங்கில் 13.9, 4,000 சுற்றுகளில் 14.3. எல்லாவற்றையும் பொருத்தியபின் அனைத்தையும் போட்டுப் பார்த்தால் ஐட்லிங்கில் 13.1, அதே 4,000 சுற்றுகளில் 14.1. ஐட்லிங்கில்கூட 13-க்குக் கீழே போகவில்லை, எனவே பேட்டரியிலிருந்து கடன் வாங்கவில்லை.

ஒயர்களை முகப்பு விளக்கின் இணைப்பிலிருந்து கிளை பிரித்து எடுப்பது எளிதாகத் தோன்றும். அந்த ஒயர் அந்த விளக்குக்கு மட்டுமே அளந்து போடப்பட்டது, கூடுதல் சுமையில் சூடேறும். நான் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயின் 30-ஆம் முனையில் சேர்த்தேன். 87-ஆம் முனையிலிருந்து ஒரு சிறிய ஃபியூஸ் பெட்டிக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஃபியூஸோடும் ஒயர் போகிறது. 85 பேட்டரியின் எதிர்முனைக்கு. 86-க்கு வால்விளக்கின் ஒயரிலிருந்து ஓர் இணைப்பு. ரிலேயின் சுருளுக்கு மிகச் சிறு மின்னோட்டமே தேவைப்படுவதால் அந்த ஒயருக்குச் சுமை இல்லை. சாவியை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும். சாவியை எடுத்துக்கொண்டு போனபின் கைப்பிடி சூடாகிக்கொண்டே இருந்து, காலையில் பேட்டரி தீர்ந்துபோகும் நிலை இதனால் வராது.

இணைப்புகள் அனைத்தையும் உலோக முனைகளில் நெரித்து இறுக்கி (கிரிம்ப் செய்து), பசையுள்ள சுருங்கு குழாயால் மூடினேன். ஈயப்பற்று நல்லதுதான், ஆனால் பற்று முடியும் இடத்தில் ஒயர் விறைத்துவிடுகிறது. ஓயாமல் அதிரும் வண்டியில் அந்த விளிம்பில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறியும்.

கைப்பிடி ஒயரை ஸ்டியரிங் தலைப்பகுதி வழியாகக் கொண்டுவந்து கட்டியபின், டேங்கைத் திரும்பப் பொருத்தும் முன் ஹேண்டில்பாரை இடக்கோடி வரை திருப்பினேன். ஒயர், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தடுப்பு முளைக்கும் சட்டத்துக்கும் இடையில் அகப்பட்டு நசுங்கியது. எடுத்துப் பார்த்தால் உறை அரை வட்டத்துக்கு அமுங்கியிருந்தது, செம்பு தெரியவில்லை. அந்தத் துண்டை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. வெட்டி எடுத்துப் புதிதாக இணைத்து, திருப்பத்துக்குத் தேவையான தளர்வோடு தொழிற்சாலை ஒயர்க்கட்டின் பக்கத்திலேயே கொண்டு சென்றேன். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் திருப்பிப் பார்த்தேன். திருப்பும்போது எஞ்சின் வேகம் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். கூடவில்லை.

பிரேக் வேலை வழக்கமானது. டாட் 4 வகை பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டியது, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். நீண்ட மலை இறக்கத்தில் சுமையோடு பிரேக்கைப் பிடித்தபடி இறங்குபவருக்கு அந்த வேறுபாடு பெரிது. இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்ததால் முன்னும் பின்னும் முழுவதும் மாற்றினேன். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பின் பேடுகளில் ஒன்று 3.5 மில்லிமீட்டரும் மற்றது 2 மில்லிமீட்டரும் இருந்தன. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் வழுக்கிச் செல்ல வேண்டிய முளை உலர்ந்து ஒட்டிக்கொண்டதே காரணம். அதைத் துடைத்து, ரப்பருக்குக் கேடு செய்யாத சிலிகான் கிரீஸ் பூசி, புதிய பேடுகளைப் போட்டேன்.

கிராஷ் கார்டைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. அதன் பொருத்து இடங்கள் பெரும்பாலும் எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் எஞ்சின் சற்று இறங்கிவிடும், பிறகு துளைகள் சேராது. எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கால் தாங்கிக்கொண்டு, ஒரு போல்ட்டை எடுத்து நீளமானதை நுழைத்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். எல்லாம் கையிறுக்கத்தில் நின்றபின், கையேட்டின் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

முழுச் சுமையோடு 700 கிலோமீட்டர் ஓட்டி வந்தபின், வண்டியை மீண்டும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ‘டக்’ ஒலி இல்லை. கிராஷ் கார்டின் இடது மேல் போல்ட்டில் மட்டும் மஞ்சள் கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தது. அதைக் கழற்றி, மரை தளராமல் பிடிக்கும் நீல நிற நூல்பூட்டுத் திரவம் இட்டு மறுபடி இறுக்கினேன். செயின் 38-லிருந்து 39-க்கு வந்திருக்கிறது. புதிய ஸ்பிரிங் பின்பக்கத்தைத் தாங்கத் தொடங்கியபின், பிரேக் பிடிக்கும்போது முன் ஃபோர்க் முன்னைவிட அதிகமாக இறங்குவது தெரிகிறது. அதன் ஆயிலை மாற்றி மட்டத்தை அளப்பதுதான் அடுத்த வாரயிறுதிக்கான வேலை.